கடல் சூடேறிய வருஷம்

பியேத்ரா லார்கா, கொம்பர்பலா மலை
மார்ச் 2, 1997

அன்புள்ள தம்பி நொல்பெர்த்தோ,

நீயும் உன் வீட்டுக்காரி யானெத்தும் சுகம்தானே? இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அதை வெளியே சொன்னால் கோபம் வரும். ஆகவே நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

மேல்மலை மேய்ச்சலிலிருந்து இந்த முறை சீக்கிரமே இறங்கிவிட்டோம். பனி உருகி ஊற்று வரும் இடமெல்லாம் காய்ந்த சேறு. ஜூனில் வரவேண்டிய குளிர்கால மழை பொய்த்து இது மூன்றாவது வருஷம். வீட்டைச் சுற்றிக் கள்ளிதான் மிச்சம். முள்ளைத் தீயில் பொசுக்கி, வெட்டி, அதைத்தான் ஆடுகளுக்குப் போடுகிறோம். தின்கின்றன. தின்றுவிட்டு, இன்னும் வேறு ஏதோ வரப்போகிறது என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஈஸ்டர் வாரத்தில் ஆடு வாங்க ஓவாயே நகரத்திலிருந்து லாரிக்காரன் வருகிறான். ஆடுகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கீழே திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடலாம் என்கிறார் உன் அத்தான். தங்க இடம் தருவார்களாம். ஒரு அறை, எட்டுப் பேருக்கு. "ஆடு சாகறதைப் பாக்கறதுக்கு ஆடு போறதைப் பாக்கறது மேல், சுனில்தா" என்றார். ஆடு இல்லாத இந்த மனுஷனை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஆடுகளை ஓட்டுவது போலச் சீட்டியடித்துக்கொண்டே நடப்பவர்.

கடலில் இருக்கும் உன்னிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன்? நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கதான் அவ்வளவு தண்ணி கெடக்கே, ஒரு வாளி அனுப்பச் சொல்லு உன் தம்பியை" என்கிறார். எழுதிவிட்டேன்.

ஆண்டவன் உன்னைத் தண்ணீரின் மேல் காக்கட்டும்.

அக்கா சுனில்தா

*

இக்கிகே
மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்களுக்குக் குறையொன்றும் இல்லை. அத்தான் முழங்காலைப் பற்றி நான் எதுவும் கேள்விப்படவில்லை.

இதை அவரிடம் உரக்க வாசித்துக் காட்டு. கடலில் ஏதோ நடக்கிறது. இந்த மாதம் தண்ணீரில் கையை விட்டால், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருக்கிறது. சுருக்குவலையில் நெத்திலிக்குப் பதிலாக எங்களுக்குப் பெயர் தெரியாத மீன்கள் வருகின்றன. எங்கள் படகில் அவ்வப்போது இனேஸ் என்றொரு பெண் ஏறுவாள். கடலைப் படித்தவள். கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஆழத்தில் இறக்கிப் பார்ப்பதுதான் அவள் வேலை. "எங்க அக்கா கொம்பர்பலா பக்கம் ஆடு வச்சிருக்கா" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். உடனே திரும்பினாள். "கொம்பர்பலாவா? அப்ப அவங்களுக்கு நல்ல சேதி" என்றாள்.

நம் கரைக்கு எதிரே கடல்மேல் ஒரு கனத்த காற்று உட்கார்ந்திருக்கிறதாம். தெற்கிலிருந்து வரும் மழைமேகத்தை அதுதான் உங்கள் பக்கம் வரவிடாமல் தள்ளிவிடுகிறது. ஆனால் இங்கிருந்து எத்தனையோ நாள் பயணத்தில், பூமியின் இடுப்பருகே, நடுக்கடல் சூடானால் இந்தக் காற்று மெலிந்துவிடும். மேகத்துக்கு வழி திறந்துவிடும். "நிச்சயமா பெய்யுமா?" என்று கேட்டேன். "நிச்சயம்னு நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனா இப்படிச் சூடான வருஷங்கள்ல பெரும்பாலும் உங்க மலையில நல்லா பேஞ்சிருக்கு" என்றாள்.

எங்கள் படகுச் சமையல்காரர் மக்காரியோ பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, எங்களுக்கு ஏதாச்சும் நல்ல சேதி வச்சிருக்கியா?" என்றார். அவள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அதை விடு. அக்கா, ஆடுகளை விற்காதே. ஜூன் வரை எப்படியாவது தாங்கிப் பிடி. நான் சொன்னேன் என்று அத்தானிடம் சொல்.

உன் தம்பி
நொல்பெர்த்தோ

*

பியேத்ரா லார்கா
ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் இங்கே வேண்டிக்கொள்கிறோம். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு பொண்ணு கயித்துல குழாயைக் கட்டிக் கடல்ல விட்டாளாம், அதுக்கு இங்க மழை பெய்யுமாம்! உன் தம்பிக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு" என்றார். மறுநாள் மாத்தே இலைத் தேநீர் குடிக்கும்போது, "அந்தக் காத்து மெலிஞ்சு போவுதுன்னு எழுதியிருந்தானே, அந்த இடத்தை மட்டும் படி" என்றார். அதற்கு மறுநாளும் படிக்கச் சொன்னார்.

லாரிக்காரன் வந்தான். பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எலிசேயோ, இன்னிக்குக் குடுத்தாத் தோலாச்சும் தேறும். அடுத்த மாசம் வந்தா நான் மண்வெட்டிதான் கொண்டாரணும்" என்றான். இவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் மச்சான் கடல்ல இருக்கான். மழை வருதுன்னு சொல்லியிருக்கான்." லாரிக்காரன் வயிறு குலுங்கச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. கிடாக்களையும் பல் போன கிழடுகளையும் மட்டும் ஏற்றிவிட்டார். மற்றவை பட்டியில்தான் இருக்கின்றன.

இருபது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவர் உன் ஒரு கடிதத்தைக் கேட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான். பயமும் இருக்கிறது. பொய்த்துப்போனால் அவர் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். என்னையும் சொல்லமாட்டார். வாய்விட்டுத் திட்டுகிற மனுஷனாக இருந்தால் எனக்கு இந்தப் பயம் இருக்காது.

யானெத்தை எழுதச் சொல். அவள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது.

சுனில்தா

*

இக்கிகே
மே 22

அன்பு அக்கா,

பதில் எழுதத் தாமதம். கோபிக்காதே. நான் சுகம். யானெத் அவள் அம்மாவைப் பார்க்க அந்தோஃபகஸ்தா போயிருக்கிறாள். வந்ததும் எழுதுவாள்.

கடல் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. கூழைக்கடாக்கள் தெருவுக்கே வந்துவிட்டன. மீன் சந்தையில், மனிதர்களோடு வரிசையில் நிற்பது போல நின்றுகொண்டு, யாராவது குடலை எறிவார்களா என்று பார்க்கின்றன. ஒன்று எங்கள் வாசலில் படுத்துவிட்டது. தண்ணீர் வைத்தேன். குடிக்கவில்லை. படகில் சின்னதாக ஒரு பழுது பார்க்கும் வேலை இருக்கிறது, அதனால்தான் பட்டப்பகலில் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழை வந்ததா? ஒரு தூறலாவது? வந்த அன்றே எழுது.

நொல்பெர்த்தோ

*

பியேத்ரா லார்கா
ஜூன் 22

என் தங்கமான தம்பிக்கு,

நீ சுகமா, அவள் வந்துவிட்டாளா என்பதையெல்லாம் பிறகு கேட்கிறேன். வந்துவிட்டது!

மே மாதம் மழை கேட்டுப் புனித இசிதோர் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வறண்ட ஓடைவரை போனோம். ஊரே முட்டி போட்டு அழுதது. உன் அத்தான் மட்டும் சாமியின் காதருகே போய், "என் மச்சான் சொல்லிட்டான், சாமி. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாமி ஒரு மாதம் யோசித்திருக்கிறார்.

முதலில் வாசனைதான் வந்தது. பிறகு கூரைத் தகரத்தில் யாரோ கூழாங்கல்லை எறிவது போல. பிறகு கல்லெல்லாம் ஒன்றாகிவிட்டது. நான் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினால், அவர் முற்றத்தின் நடுவில் தொப்பி இல்லாமல், வாயைத் திறந்து, அண்ணாந்து நிற்கிறார். "உள்ள வாங்க, சளி புடிக்கும்" என்றேன். "புடிக்கட்டும்டி! சளி புடிச்சு மூணு வருஷமாச்சு!" என்றார். நானும் போய் நின்றேன். இந்த வயதில் இதை உன்னிடம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நின்றேன்.

எலும்பும் தோலுமாக இருந்த ஆடுகளில் சில அந்தக் குளிரைத் தாங்கவில்லை. செத்தவற்றைப் புதைத்தோம். அதற்கும் அவர் முகம் வாடவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் வெயில் நன்றாக விழும், அங்கேதான் முதலில் புல் முளைக்கும், ஆடுகளை அங்கே கொண்டுபோய்க் கல்பட்டியில் விடப்போகிறேன் என்கிறார். இனி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது:

"மச்சான், உன்னை நம்பினதுக்கு ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப லாரிக்காரனைத் தேடிக்கிட்டிருக்கேன், சிரிக்கணும். அந்தக் கயித்துப் பொண்ணுக்கு ஒரு முழு சீஸ் எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு. நீ இந்தப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு? கடல்ல உப்பைத் தவிர என்ன இருக்கு? வாய்யா."

சுனில்தா, எலிசேயோ

*

இக்கிகே
ஜூலை 24

அன்புள்ள அக்கா, அத்தான்,

உங்கள் கடிதத்தை மக்காரியோவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வெங்காயம் என்றார். வெங்காயம் ஏதும் அங்கே இல்லை.

மீன் கொஞ்சம் குறைவுதான். மீன்மாவு ஆலையும் சில நாளாகப் புகையவில்லை. அதெல்லாம் திரும்பி வரும், இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். யானெத் இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

இனேஸைத் துறைமுகத்தில் பார்த்தேன். சீஸ் சேதியைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஒன்று சொன்னாள். நடுக்கடல் இன்னும் சூடேறிக்கொண்டே இருக்கிறதாம். இதுவரை வந்ததோடு முடியாது, ஆகஸ்டில் இதைவிடப் பெரிய மழை வரலாம், தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்கட்டும் என்றாள். அத்தான், ஆடுகள் ஓடைக்கு அந்தப் பக்கமே இருந்தால், தண்ணீர் ஏறுவதற்கு முன்பே இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். கூரையையும் ஒரு பார்வை பாருங்கள். அக்காவைக் குளிரில் நிற்கவைக்காதீர்கள்.

பாசத்துடன்
நொல்பெர்த்தோ

*

இக்கிகே
ஆகஸ்ட் 30

அக்கா,

நான் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பாதைகள் அறுந்துவிட்டன, பாலங்கள் போய்விட்டன என்று வானொலியில் சொல்கிறார்கள். கொம்பர்பலா பெயரும் அடிபட்டது. தபால்தான் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வரி போதும். சுகம் என்று ஒரு வரி போதும்.

நொல்பெர்த்தோ

*

பியேத்ரா லார்கா
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சுகம்.

பேருந்து இந்த வாரம்தான் மேலே வந்தது. உன் கடிதம் கிடைத்தது. மழை பலமாகத்தான் இருந்தது. வீடு நிற்கிறது. ஓடை தன் போக்கை மாற்றிக்கொண்டுவிட்டது. முன்பு வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் இப்போது ஓடுகிறது.

நீ மலையைப் பார்க்க வேண்டும். நாம் சிறுவர்களாக இருந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. சரிவு முழுக்க சிவப்பு அன்யான்யூக்காப் பூ. வீட்டு வாசலில், பட்டிச் சுவர் இடுக்கில், எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. நீலத்திலும் ஒரு பூ வந்திருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. ஆடுகள் அதையும் தின்கின்றன. ஆடுகள் முன்பு போல நிறைய இல்லை. எனக்கு இது போதும்.

நீ இப்போது வர வேண்டாம். பாதை சரியில்லை.

சுனில்தா

*

இக்கிகே
செப்டம்பர் 28

அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மூச்சு வந்தது. பிறகு மறுபடி மறுபடி படித்துப் பார்த்தேன். பூவைப் பற்றி எழுதியிருக்கிறாய், ஓடையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அத்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியே சொல்லக்கூடாத முழங்கால் கதையைக்கூட எழுதுகிறவள் நீ.

எனக்குப் புரிகிறது. ஆடுகள் போய்விட்டன. விற்காதே என்று நான்தான் சொன்னேன். அத்தானுக்கு என்மேல் கோபம், அதை என்னிடமிருந்து மறைக்கிறாய். கோபம் நியாயம்தான்.

நானும் உன்னிடம் மறைத்தேன், அக்கா. படகு மே மாதத்திலிருந்தே கட்டிக் கிடக்கிறது. பழுதெல்லாம் ஒன்றுமில்லை, மீன் இல்லை. உங்களுக்கு மழை கொடுத்த அதே சூடு எங்கள் நெத்திலியைத் துரத்திவிட்டது. கிடைத்த அன்று துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். யானெத் திரும்பி வரப்போவதில்லை. "கடல் சரியானாச் சொல்லி அனுப்பு" என்றாள். சரியானாலும் வரமாட்டாள். இதையெல்லாம் எழுதியிருந்தால் உங்கள் மழையின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இனி வருவதை அத்தானிடம் கொடு: அத்தான், செத்த ஆடுகளுக்கு என்னால் ஈடு எதுவும் தர முடியாது. என்னை நாலு வார்த்தை திட்டி எழுதச் சொல்லுங்கள் அக்காவை. உங்கள் திட்டைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நொல்பெர்த்தோ

*

பியேத்ரா லார்கா
அக்டோபர் 19

அன்புத் தம்பி நொல்பெர்த்தோ,

நீ திடமாக இரு. உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

உன் அத்தான் போய்விட்டார். ஆகஸ்டில், பெரிய மழையில்.

ஜூலையில் நீ எழுதிய கடிதம் எங்களுக்கு அந்த மழை தொடங்கிய சனிக்கிழமைதான் வந்தது. அன்று கடைசியாக மேலே வந்த பேருந்தில் வந்தது. அப்போதே மழை பிடித்துவிட்டது. அடுப்பருகே வாசித்துக் காட்டினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கொண்டுவந்துவிடுங்கள் என்ற இடம் வந்ததும் எழுந்து போய்க் கதவருகே நின்றார். மறுநாள் விடிந்ததும் கயிற்றை எடுத்தார். "இப்ப வேணாம். தண்ணி இறங்கட்டும்" என்றேன். "இறங்காது, சுனில்தா. ஏறத்தான் போவுது. மச்சான் எழுதியிருக்கானே, நீதானே படிச்சே?" என்றார்.

பக்கத்து வீட்டு ரோசாமேல் இந்தக் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆடுகளைக் கொம்பைப் பிடித்து, சிலவற்றைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் இந்தப் பக்கம் வந்துவிட்டன. குட்டி ஈனும் நிலையில் இருந்த ஒரு கறுப்பு ஆடு நடுவில் ஒரு பாறைமேல் ஏறிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. அதைப் பிடிக்கக் கயிற்றை விட்டார். மேலேயிருந்து ஒரு மரம் வேரோடு வந்தது. நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மரம் போன பிறகு பாறையும் இல்லை, அவரும் இல்லை.

மழை விட்ட பிறகு கீழே பண்ணைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். பாதை இல்லாததால் ரோசாமேலும் அவர் மகன்களும் கழியில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். இங்கேயே அடக்கம் செய்தோம்.

செப்டம்பரில் இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. பிறகு பூக்களைப் பற்றி எழுதினேன். பூக்களும் பொய் இல்லை, தம்பி. அவர் போன பிறகுதான் அவ்வளவும் பூத்தன.

நீ சொல்லாதிருந்தால் ஈஸ்டரில் எல்லாவற்றையும் விற்றிருப்போம். அவர் இப்போது அந்த எட்டுப் பேர் அறையில் உயிரோடு இருப்பார். இதை நான் நினைக்காத நாள் இல்லை. நினைக்கவில்லை என்று உனக்கு எழுத எனக்கு வராது. ஆனால் ஜூன் மாதம் முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாரே, அந்த மனுஷனையும் நான் பார்த்திருக்க மாட்டேன். கல்யாணமான நாளில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இரண்டும் நடந்தது. இரண்டையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உன்னைத் தின்றுகொள்ளாதே. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. தண்ணீரில் இறங்கும்போதும் உன்னை நம்பித்தான் இறங்கினார்.

அவர் கொண்டுவந்து சேர்த்த ஆடுகள் வயிறு தட்டும் புல்லில் நிற்கின்றன. குட்டிகள் நிறைய. பால் ஊற்றாகச் சுரக்கிறது. கறக்க என் இரண்டு கைதான். விரல் மடங்கவில்லை.

அந்தக் கயிற்றுப் பெண்ணைப் பார்த்தால் அடுத்த வருஷம் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டு எழுது. எழுதப் பயப்படாதே. ஆடுகள் இருக்கின்றன, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் அக்கா
சுனில்தா

*

இக்கிகே
நவம்பர் 2

அக்கா,

இன்று இறந்தவர்கள் திருநாள். இங்கே எல்லாரும் பூவோடு கல்லறைக்குப் போகிறார்கள். எனக்குப் போக இங்கே கல்லறை இல்லை. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அதைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடுகளைக் கொண்டுவரச் சொன்னதைச் சீக்கிரம் எழுதாமல் போனேனே என்று நினைக்கிறேன். எழுதாமலே இருந்திருக்கலாமே என்றும் நினைக்கிறேன். என்னிடமும் இரண்டு இருக்கின்றன. நீ சொன்னபடி வைத்துக்கொள்கிறேன்.

இனேஸிடம் போய்ச் சொன்னேன். பிறகு உன் கேள்வியைக் கேட்டேன். நடுக்கடல் என்றாவது குளிரத் தொடங்கும், அப்படிக் குளிர்ந்தால் அந்தக் கனத்த காற்று திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும், மறுபடி வறட்சிதான் என்றாள். எப்போது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன் என்றாள். "உங்களுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டாள். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். நான் அங்கேதான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமைப் பேருந்தில் ஏறுகிறேன். எனக்குப் பால் கறக்கத் தெரியாது. வலை இழுத்த கைதான், பழகிக்கொள்ளும். இனிமேல் மழையைப் பற்றி எதைச் சொல்வதானாலும் உன் முற்றத்தில் நின்று சொல்கிறேன், அக்கா. ஓடையில் இறங்க வேண்டுமென்றால் நான் இறங்குகிறேன்.

உன் தம்பி
நொல்பெர்த்தோ